சாத்தூரோடு திரும்பும் பஸ்

ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தர்மபுரி, தொப்பூர், ஓமலூர், சேலம். சேலத்தில் பஸ் பத்து நிமிஷம் நிற்கும், டீ குடிக்கிறவர்கள் இறங்கிக் குடிக்கலாம். கழுகாசலம் வாய் கிழிய ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத் தொட்டிலை மறுபடி ஆட்டினான். தாலாட்டுத் தெரியாத மனுஷன் என்னத்தைப் பாடுவான், தெரிந்ததைத்தான் பாடுவான். அவனுக்குத் தெரிந்தது ஓசூரிலிருந்து சொந்த ஊருக்குப் போகிற பஸ் நிற்கும் ஊர்கள். நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, திருமங்கலம், விருதுநகர், சாத்தூர். சாத்தூருக்கு அடுத்தது கோவில்பட்டி. அதை மட்டும் சொல்ல மாட்டான். சாத்தூர் வந்ததும் பஸ்ஸைத் திருப்பிவிடுவான். விருதுநகர், திருமங்கலம், மதுரை என்று வந்த வழியே ஏறிவருவான். டிரைவரும் அவன்தான், கண்டக்டரும் அவன்தான், கேட்க ஆள் ஏது? ஒரே ஒரு பயணி. பத்து மாசம், எட்டு கிலோ, நாலு பல். பேர் யாழ்விகா. எண்கணிதம் பார்த்து வைத்த பேர், அவன் வாயில் நுழையாது, பாப்பா என்றுதான் கூப்பிடுவான். அந்தப் பயணி இப்போது தொட்டில் சேலையை இரண்டு கையாலும் விலக்கித் தலையை வெளியே நீட்டி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்து கிடக்கிறது, காதைப் பிடித்துப் பிடித்து இழுக்கிறாள், ஆனால் தூங்க மாட்டாளாம். மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. ஒன்றே முக்காலுக்குப் பெண்டாட்டி செல்வி போன் பண்ணுவாள். அவள் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை லேபில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் அது. ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள், பாப்பா தூங்கிட்டாளா என்று. திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் கேட்டாள். மூன்று நாளும் தூங்கிவிட்டாள் என்று சொன்னான். மூன்று நாளும் பொய்.

பொய் சொல்லாமல் வேறென்ன செய்ய? பேசி வைத்தது அப்படி. மாரிச்செல்விக்கு லீவு முடிந்துபோனது, இந்தத் திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று லேபில் சொல்லிவிட்டார்கள். அவன் கம்பெனியில் கெஞ்சி மூன்று மாசத்துக்கு ராத்திரி ஷிஃப்டாகவே வாங்கிக்கொண்டான். காலை ஏழேகாலுக்கு அவன் வருவான், ஏழே முக்காலுக்கு அவள் கிளம்புவாள். அந்த அரை மணி நேரம்தான் புருஷன் பெண்டாட்டி முகம் பார்த்துக்கொள்வது. பாப்பா மத்தியானம் ரெண்டு மணி நேரம், சில நாள் ரெண்டரை மணி நேரம் தூங்குகிற பிள்ளை. அவள் தூங்கும்போது நீங்களும் தூங்கணும், சாயங்காலம் நான் வந்தப்புறம் மூணு மணி நேரம் தூங்கணும், அப்பத்தான் ராத்திரி மிஷின்ல நிக்க முடியும் என்றாள் செல்வி. ‘உங்ககிட்ட அவ தூங்கலைன்னா?’ ‘தூங்குவா, தூங்குவா.’ ‘தூங்கலைன்னா என்ன செய்ய? அதைச் சொல்லுங்க.’ அவன் சீலிங் ஃபேனைப் பார்த்தான். அவளே சொன்னாள். ‘சனிக்கிழமை அக்கா வாரா. ஒரு வாரம் பார்ப்போம். முடியலைன்னா பாப்பாவ அக்காவோட கோவில்பட்டிக்கு அனுப்பிருவோம். ரெண்டு வயசு வரைக்கும் அங்க இருக்கட்டும். உங்க கை எனக்கு முக்கியம்.’ சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அக்கா சண்முகத்தாய் தங்கமான மனுஷி, அதில் சந்தேகமே இல்லை. பதினாலு வருஷமாகப் பிள்ளை இல்லை. பாப்பாவுக்கென்று இப்போதே ஒரு குட்டி நாற்காலி வாங்கி வைத்திருக்கிறாள், சிவப்புக் கலர், போட்டோ அனுப்பினாள். கெட்டவளாக இருந்தால்கூட வேண்டாம் என்று சொல்லிவிடலாம், நல்லவளிடம் என்னத்தைச் சொல்ல? ரெண்டு வயசில் பிள்ளை அவளை அம்மா என்று கூப்பிடும். அப்போது இவன் மாசத்துக்கு ஒரு தடவை, பிஸ்கட் பாக்கெட்டோடு பஸ்ஸை விட்டு இறங்குகிற மாமாவாக இருப்பான். கரூர், நாமக்கல், சேலம். பாப்பா தும்மினாள்.

நூறாயுசு, என்று சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துவிட்டான். தொட்டிலில் போட்டால் தும்முகிறாள், மூன்று நாளாக இப்படித்தான். சளியாக இருக்கும். காய்ச்சல் இல்லை. நெற்றியில் கை வைத்துப் பார்த்தான், தன் கைச் சூடா அவள் நெற்றிச் சூடா என்று தெரியவில்லை, தூக்கம் கெட்ட உடம்பு எப்போதும் கொதிக்கத்தான் செய்யும். ஒன்பதாம் மாச ஊசிக்குப் போனபோது டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருக்கிறது. செல்வி வேலைக்குப் போகப் போவதைச் சொல்லி, பகலில் இவர்தான் பார்த்துக்கப் போறார் என்றதும் அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தது. ‘இந்த வயசுல கண்ணுக்கு மறைஞ்சவங்க திரும்பி வருவாங்கன்னு பிள்ளைக்கு இன்னும் நல்லாத் தெரியாது. கண்ணை மூடினா நீங்களும் போயிருவீங்களோன்னு பயப்படும். எந்திரிச்சு நிக்கப் பழகுற நேரம் வேற, தூக்கத்துலகூட நிக்கப் பாக்கும். அடம்னு நெனைக்காதீங்க. கூடவே இருங்க. தினம் ஒரே வரிசையில செய்ங்க. பழகினதை மாத்தாதீங்க.’ மற்றதெல்லாம் காதில் விழுந்ததோ என்னவோ, வரிசை என்ற சொல் அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மிஷின் ஓட்டுகிறவன் அல்லவா, வரிசை போட்டுக் கொடுத்தால் இரும்பையே வெண்ணெயாகச் செதுக்கிவிடுவான். ஒரு அட்டையில் எழுதிப் பீரோவில் ஒட்டினான். பத்து, முகம் கழுவுதல். இருபது, பருப்புச் சாதம். முப்பது, ஜன்னல் திரை. நாற்பது, துணி மாற்றுதல். ஐம்பது, தொட்டில். அறுபது, தூக்கம். மிஷினுக்கு எழுதுகிற மாதிரியே பத்துப் பத்தாக. ஐம்பது வரைக்கும் பிசகில்லாமல் ஓடும். அறுபது வரவே வராது. மிஷினாக இருந்தால் சிவப்பு விளக்கு எரியும், என்ன கோளாறு என்று நம்பர் காட்டும். இங்கே எரிவது இரண்டு கண், அதுவும் உன்னையே பார்த்துக்கொண்டு.

கீழே தெருவில் வெங்காய வண்டி வந்துவிட்டது. இந்த ஊரில் ஒரே வெங்காயத்தைத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் கூவி விற்பார்கள், ஒரு பாஷையில் தப்பித்த பிள்ளை இன்னொன்றில் முழித்துக்கொள்ளும். அடப்பாவி, நகர்ந்து போயேன் என்று வாய்க்குள் திட்டினான். பாப்பா சேலையைப் பிடித்துக்கொண்டு தொட்டிலுக்குள் எழுந்து நிற்கப் பார்த்தாள், தொட்டில் ஒரு பக்கமாகச் சாய, பாய்ந்து பிடித்தான். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். கை வெறுந்தொட்டிலில் இடித்து அது தானாக ஆட, சட்டென்று அதைப் பிடித்து நிறுத்தினான். பிள்ளை இல்லாத தொட்டிலை ஆட்டக் கூடாது என்பார்கள். அதெல்லாம் அவன் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் நிறுத்தினான், நிறுத்தி ஒரு நிமிஷம் கையை எடுக்காமல் வைத்திருந்தான். சனிக்கிழமைக்குப் பிறகு இந்தத் தொட்டில் இப்படித்தான் தொங்கும். யோசிக்காதே. நட, அறையின் இந்த முனைக்கு ஆறு எட்டு, திரும்ப ஆறு எட்டு. தோளில் அவள் தலை ஒரு கணம் சாய்ந்தது, ஐயோ என் ராசாத்தி, அப்படியே கிட, அப்படியே கிட. இல்லை. நிமிர்ந்துவிட்டாள். கதவைப் பார்க்கிறாள். எங்கே போனாலும் அவள் கண் கதவுக்குத்தான் போகிறது. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அப்படித்தான்.

செவ்வாய்க்கிழமையை நினைக்கக் கூடாது என்றுதான் பஸ் ஓட்டுகிறான், ஆனால் எல்லாப் பஸ்ஸும் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது. நஞ்சப்பா சொன்னான், பக்கத்து மிஷின்காரன், ரெண்டு பிள்ளை பெற்றவன், நல்லதுக்குத்தான் சொன்னான். ‘நீ தூக்கித் தூக்கிக் கெடுத்துட்ட கழுகு. ஏதோ வீடியோவுல பாத்தேம்ப்பா. அறையில விட்டுக் கதவைச் சாத்து. மூணு நாள் அழும், நாலாம் நாள் தானாத் தூங்கும்.’ பாயைச் சுற்றித் தலையணை அடுக்கி, நடுவில் அவளை விட்டு, கதவைச் சாத்தினான். அழட்டும், பிள்ளை அழுதால் நுரையீரலுக்கு நல்லது என்று எவனோ சொல்லியிருக்கிறான், எவன் சொன்னான்? ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். முதலில் கோபமாக அழுதாள், அதைத் தாங்கிக்கொள்ளலாம். அப்புறம் கூப்பிட்டு அழுதாள், ப்பா ப்பா ப்பா என்று, அவள் வாயில் வருகிற ஒரே சொல் அது. நாலாவது நிமிஷம் போன் அடித்தது. செல்வி. அழுகை கேட்கக் கூடாதே என்று வாசல் கதவையும் சாத்திவிட்டு மாடிப்படியில் போய் நின்றான். ‘பாப்பா தூங்கிட்டாளா?’ ‘அப்பவே தூங்கிட்டா!’ என்றான், நல்ல கணீர்க் குரலில், ரெண்டு கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை கதறிக்கொண்டிருக்க. ‘நீங்களும் படுங்க’ என்று அவள் சிரித்தாள், சந்தோஷமாக. மனுஷனா நீ? திரும்பி வந்தபோது உள்ளே சத்தமே இல்லை. அட, நஞ்சப்பா சொன்னது சரிதான், ஏழு நிமிஷத்தில் தூங்கிவிட்டாளே என்று மெதுவாகக் கதவைத் திறந்தான். தூங்கவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து நின்றுகொண்டிருந்தாள். முதல் தடவையாக நிற்கிறாள். கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். முகமெல்லாம் மூக்குச் சளி, விக்கல், கால் வெடவெடவென்று நடுங்குகிறது, அழவில்லை. அவனைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, கையை நீட்டவும் இல்லை. அழுது பிரயோஜனம் இல்லை என்று தெரிந்துகொண்ட முகம் அது, அவ்வளவு சின்ன முகத்தில். பிள்ளை முதல் தடவை நின்றதை ஊரில் எல்லாரும் போன் போட்டுச் சொல்வார்கள். அவன் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தக் கதவை அவன் சாத்தவே இல்லை.

நேற்று மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காக்காய் காட்டிக்கொண்டே போனில் பேசினான். அவள் காக்காயைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு சத்தம் போடாமல் இருந்தாள், பொய்க்குத் துணை நின்றாள் பாவம். அதுவும் தூக்கமில்லாத நாள். ராத்திரி மிஷினில் நின்றபோது கண் திறந்திருந்தது, மனுஷன் இல்லை. இரும்பு உருளையை உள்ளே மாட்டி, இறுக்கி, கதவைச் சாத்தி, பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். ஒன்பது வருஷமாகச் செய்கிற வேலை. இறுக்க மறந்துவிட்டான். மறந்தது தெரியாமலே கை பச்சைப் பொத்தானுக்குப் போனது. நஞ்சப்பா பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தான். ‘ஏய் கழுகு, செத்துப்போவ!’ இறுக்காத உருளை சுற்ற ஆரம்பித்தால் மிஷின் கதவுக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பறந்துவரும், ஒரு தடவை வேறு ஷிஃப்டில் வந்திருக்கிறது. அப்புறம் டாய்லெட்டில் போய் முகத்தைக் கழுவிவிட்டுக் கையைப் பார்த்தான். பத்து விரலும் இருந்தன. உங்க கை எனக்கு முக்கியம். அவள் சொன்னதுதான் நியாயம், என்ன பெரிய அப்பன் இவன், தூங்க வைக்கத் தெரியாது, தூங்காமல் இருக்கவும் தெரியாது. இன்றைக்கும் தூங்காவிட்டால் ராத்திரி அந்தப் பொத்தான் முன்னால் நிற்க முடியாது. இன்றைக்குப் போனில் உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். சொன்னால் சனிக்கிழமை. சிவப்பு நாற்காலி. திண்டுக்கல், மதுரை, திருமங்கலம், விருதுநகர், சாத்தூர், நிறுத்து, நிறுத்து, திருப்பு.

மணி ஒன்றேகால். சரி, இன்னொரு தடவை ஐம்பதாம் நம்பர். தொட்டிலில் போட்டான். போட்ட கையோடு முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள், மூக்கைச் சுருக்கினாள், தும்மினாள். மறுபடி ஒரு தும்மல். தூக்கினால் தும்மல் இல்லை. போட்டால் தும்மல். இதென்ன கூத்து? மிஷின்காரன் புத்தி அப்போதுதான் கொஞ்சம் வேலை செய்தது, கோளாறு பிள்ளையில் இல்லை, தொட்டிலில். பாப்பாவைத் தரையில் விட்டுவிட்டுத் தன் தலையைத் தொட்டிலுக்குள் விட்டு மூச்சை இழுத்தான். பூக்கடைக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. ஐயையோ. ஞாயிற்றுக்கிழமை. செல்வி நாளைக்கு வேலைக்குப் போகிறாளே, நாமும் ஒரு வேலை செய்வோம் என்று தொட்டில் சேலையை அவிழ்த்துத் துவைத்தான். துவைத்தவன் சும்மா இருந்தானா, வாசனைத் திரவம், ஒரு மூடி போதும் என்று எழுதியிருந்ததை நம்பாமல் ரெண்டு மூடி ஊற்றினான். பிள்ளை கமகமவென்று கிடக்கட்டும் என்று ஆசை. பச்சைச் சுங்குடிச் சேலை, செல்வி வயிற்றில் பிள்ளையோடு இருந்த நாளெல்லாம் கட்டிக்கொண்டது. வேறு எதிலும் அவள் தொட்டில் கட்டியதில்லை. வாரத்துக்கு ஒரு தடவை துவைப்பாள். துவைத்தால் உடனே கட்டமாட்டாள், ஒரு நாள் முழுக்க அதை உடுத்திக்கொண்டு திரிவாள், சமைப்பாள், பால் கொடுப்பாள், மறுநாள்தான் தொட்டிலாகக் கட்டுவாள். அன்றைக்கு மத்தியானம் மட்டும் பாப்பாவை மடியில் போட்டுத் தூங்க வைப்பாள். ராத்திரியில் தொட்டில் கிடையாது, பக்கத்திலேயே போட்டுக்கொள்வாள், அதனால்தான் இந்த வாசனை அவள் மூக்குக்கு எட்டவில்லை. எத்தனை தடவை பார்த்திருக்கிறான்! நைட்டி காயவில்லை போலிருக்கிறது, அதுதான் சேலை கட்டியிருக்கிறாள் என்று நினைத்தான். பத்து மாசமாகப் பார்த்த காரியத்துக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிகிறது, முட்டாளே. உடுத்தின சேலையில்தான் பிள்ளை தூங்கும். நீ அவள் அம்மாவை அலசிச் சாக்கடையில் ஊற்றிவிட்டுத் தூங்கு தூங்கு என்றால்?

சரி, செல்வி உடுத்தினது வேறு ஏதாவது எடுத்து விரிப்போம் என்று அழுக்குக் கூடைக்கு ஓடினான். கூடை காலி. காலையில் அவள் போனதும் எல்லாவற்றையும் வாளியில் ஊறப் போட்டாயிற்று. நைட்டி, உள்பாவாடை, துண்டு. தலையணை உறையைக்கூட விட்டுவைக்கவில்லை. வீட்டில் இருக்கிற ஆம்பிளை சும்மா இருந்தான் என்ற பேர் வரக்கூடாதாம். நுரைத்துக் கிடந்த வாளியைப் பார்த்துக்கொண்டு பாத்ரூம் வாசலில் அப்படியே உட்கார்ந்தான். துவைக்கிற வெறி ஞாயிற்றுக்கிழமை பிடித்தது, குளிக்கிற வெறி திங்கட்கிழமை. அதற்கு முன்னால் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கையைக் கழுவிவிட்டு முதல் காரியமாக அவளைத் தூக்கி நெஞ்சில் போட்டுக்கொள்வான், மிஷின் எண்ணெயும் வேர்வையுமாக. ‘குளிச்சிட்டுத் தொடுங்களேன், எண்ணெய் நாத்தம்’ என்பாள் செல்வி, சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் இனிமேல் நாள் முழுக்க நாம்தானே தூக்க வேண்டும், பிள்ளை அருவருக்கக் கூடாது என்று திங்கட்கிழமை காலையிலிருந்து சோப்புப் போட்டு ரெண்டு தடவை குளிக்கிறான், கைக்குத் துணிப்பவுடர் போட்டுத் தேய்க்கிறான், மேலே டால்கம் பவுடர் வேறு. ஆக, ஒரே நாளில் அவளுக்கு எல்லாம் போய்விட்டது. அம்மா போனாள், அம்மா வாசம் போனது, அப்பன் வாசமும் போனது, பவுடர் பூசின எவனோ ஒருத்தன் வந்து தூங்கு என்கிறான். செவ்வாய்க்கிழமை அவனும் கதவைச் சாத்திக்கொண்டு போனான். பழகினதை மாத்தாதீங்க என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னாளே. அழுகை வந்தது. பாத்ரூம் வாசலில் உட்கார்ந்து முப்பத்தொரு வயசு ஆம்பிளை அழுதான், சத்தமில்லாமல், லுங்கியில் முகத்தைத் துடைத்துத் துடைத்து. கோவில்பட்டி, கோவில்பட்டி, கோவில்பட்டி, எல்லாரும் இறங்குங்க.

பின்னால் சரசரவென்று சத்தம் கேட்டது. பாப்பா தவழ்ந்து வந்திருந்தாள். பாத்ரூம் கதவுக்கு வெளியே ஓரமாக அவன் கம்பெனித் துணி கிடக்கிற கட்டைப்பை. எண்ணெய்த் துணியைப் பிள்ளைத் துணியோடு ஊற வைக்கக் கூடாது என்பது செல்வி போட்ட சட்டம், அதனால் தப்பித்தது. பையைக் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தாள். ‘ஏய் ஏய், அழுக்கு, இரும்புத் தூள் இருக்கும், விடு’ என்று யூனிஃபார்ம் சட்டையைப் பிடுங்கித் தூர வைத்தான். அதை அவள் சட்டை செய்யவில்லை. அவள் கையில் இருந்தது சட்டைக்கு உள்ளே அவன் போடுகிற பனியன். ராத்திரி முழுக்க வேர்வையில் ஊறி, காய்ந்து, மொரமொரவென்று கிடந்த பனியன். ரெண்டு கையாலும் அதை மூக்கில் அழுத்திக்கொண்டாள். தும்மவில்லை. ஒரு பெருமூச்சு விட்டாள், பெரிய மனுஷி மாதிரி, தோள் இறங்கிற்று. ‘ப்பா’ என்றாள். அவனைப் பார்த்து இல்லை, பனியனைப் பார்த்து. அப்புறம் அவள் கையிலிருந்து மெதுவாக அதை வாங்கினான், அவள் உதட்டைப் பிதுக்குவதற்குள் உதறி, தூள் கீள் இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் தடவிப் பார்த்து, போட்டிருந்த துவைத்த பனியனைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த நாற்றம் பிடித்ததை மாட்டிக்கொண்டான். குழாயைத் திறந்து கழுத்துப் பவுடரைக் கழுவினான். பாயில் வந்து படுத்து, பக்கத்தில் அவளைப் போட்டான். கதவு விரியத் திறந்து கிடந்தது.

உடனே ஒன்றும் தூங்கிவிடவில்லை. அவன் விலாவில் மூக்கை வைத்துத் தேய்த்தாள். எழுந்து உட்கார்ந்தாள், கதவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், அவன் படுத்த படுக்கையிலேயே கிடந்தான், எங்கேயும் போகவில்லை, மறுபடி விழுந்து பனியனைப் பிடித்தாள். திரும்ப எழுந்தாள், திரும்ப விழுந்தாள். எத்தனை தடவை வேண்டுமானாலும் பாரு தாயி, நான் இங்கேதான் கிடக்கிறேன். அவன் தூங்கு என்று சொல்லவில்லை, தட்டவில்லை, பஸ் விடவில்லை, நேரம் பார்க்கவில்லை. களைப்பு உடம்பிலிருந்து தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வெங்காய வண்டி எங்கேயோ தூரத்தில் கன்னடத்தில் போய்க்கொண்டிருந்தது. அவள் விரல் பனியனை ஒரு பிடி பிடித்து, கொஞ்சம் விட்டு, திரும்பப் பிடித்து, அந்தப் பிடி ஒவ்வொரு தடவையும் லேசாகிக்கொண்டே வந்தது. மூச்சு நீண்டது. இமை பாதி மூடி, வெள்ளை தெரிந்து, பிறகு மூடிற்று. இவன் தன் மூச்சை அடக்கிக்கொண்டான், எச்சில் விழுங்கப் பயந்தான். தூங்கிவிட்டாளா? தூங்கிவிட்டாள். நிஜமாகவே தூங்கிவிட்டாள். அறுபதாம் நம்பர். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் போயிற்று, துடைக்கக் கையை எடுக்கவில்லை.

தலைமாட்டில் கிடந்த போன் உறுமியது. ஒன்றே முக்கால். இன்னொரு கையால் துழாவி எடுத்துக் காதில் வைத்தான்.

‘பாப்பா தூங்கிட்டாளா?’

‘தூங்குறா.’

‘என்னது? கேக்கலை.’

‘தூங்குறா’ என்றான் மறுபடியும், மூச்சுக் காற்றிலேயே.

‘ஏன் இப்படிக் குசுகுசுன்னு பேசுதீங்க?’

‘சத்தம் போட்டா முழிச்சிருவா.’

சொல்லி முடித்தபோது அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை, உண்மையைச் சொல்கிற சந்தோஷத்தில் இருந்தான். அந்தப் பக்கம் டிபன் பாக்ஸ் மூடுகிற சத்தம் கேட்டது. அப்புறம்தான் உறைத்தது. மூன்று நாளும் கணீர் கணீரென்று பேசியிருக்கிறான், மாடிப்படியில், மொட்டைமாடியில், தூங்குகிற பிள்ளை பக்கத்தில் இருக்கிற அப்பன் பேசுகிற பேச்சா அது?

‘அப்ப நேத்து?’ என்றாள் செல்வி.

‘தூங்கலை.’

‘முந்தாநாள்?’

‘மூணு நாளும் தூங்கலை.’

‘அப்ப நீங்களும் தூங்கலை. தூங்காமயா மிஷின்ல நின்னீங்க?’ குரல் உடைந்துவிட்டது. ‘ஏதாவது ஆயிருந்தா நான் என்னங்க செய்வேன்?’

‘நேத்து ஆகத் தெரிஞ்சது. நஞ்சப்பா கையைப் பிடிச்சிட்டான்.’ நின்றால் சொல்ல முடியாது என்று தெரிந்து அவன் நிற்காமல் சொன்னான், ரகசியக் குரலில், எல்லாவற்றையும். செவ்வாய்க்கிழமைக் கதவை, மாடிப்படியை, பாப்பா முதல் தடவை நின்றதை, ரெண்டு மூடி வாசனையை. அவள் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. வைத்துவிடப் போகிறாள், அக்காவுக்குப் போன் போடப் போகிறாள் என்று நினைத்தான்.

‘இன்னைக்கு எப்படித் தூங்கினா?’ என்று கேட்டாள் கடைசியில்.

‘என் பனியனைப் பிடிச்சுக்கிட்டு. ராத்திரி போட்டிருந்தது.’

‘எண்ணெய் நாத்தத்தோடவா?’

‘ஆமா.’

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை, ரெண்டும் போலத்தான் இருந்தது. ‘அக்காவ இந்த வாரம் வர வேண்டாம்னு சொல்லிருதேன்’ என்றாள். ‘இன்னொரு தடவை பொய் சொன்னீங்க, நானே கொண்டுபோய் விட்டுட்டு வந்துருவேன், ஆமா. தொட்டில் சேலையை அவுத்துச் சும்மா தண்ணியில அலசிப் போடுங்க, நான் வந்து உடுத்திக்கிடுதேன். இப்பத் தூங்குங்க.’ வைக்கப் போனவள் திரும்பக் கூப்பிட்டாள். ‘ஏங்க.’

‘ம்.’

‘அந்தப் பனியனை மட்டும் துவைச்சுராதீங்க.’

போன் வயிற்றின் மேல் கிடந்தது. பீரோவில் ஒட்டிய அட்டையின் ஒரு முனை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தொட்டில் ஆடாமல் தொங்கியது, அதைப் பார்த்து இப்போது ஒன்றும் தோன்றவில்லை. ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி. இன்றைக்குக் கோவில்பட்டி வரைக்கும் ஓட்டலாம், ஒரு வாரம் கழித்து ஒன்றாகவே போய் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அந்தச் சிவப்பு நாற்காலியில் இவளை உட்கார வைத்துப் போட்டோ எடுத்துவிட்டு, மூன்று பேருமாகத் திரும்பி வரலாம் என்று நினைத்தான். காவேரிப்பட்டணம் வருவதற்குள் டிரைவர், கண்டக்டர், பயணி எல்லாரும் தூங்கிப்போனார்கள்.